இருவர் மட்டுமுள்ள குடும்ப நிறுவனம்: ஒப்பந்தப் பத்திரத்தை எப்படி எழுதுவது?

தந்தையும் மகனுமாகவோ அண்ணனும் தம்பியுமாகவோ இருவர் சேர்ந்து பங்குதாரர் நிறுவனம் தொடங்கும்போது, ஆடிட்டரிடம் உள்ள பழைய நகலில் பெயரையும் விகிதத்தையும் மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவது பலருக்கும் வழக்கம். அந்த நகலில் பெரும்பாலும், பங்குதாரர் ஒருவர் இறந்தாலும் நிறுவனம் கலையாது என்றொரு வரி இருக்கும். வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால் பங்குதாரரின் மரணத்தோடு நிறுவனம் கலைந்துவிடும் என்று பங்குதாரர் நிறுவனங்களுக்கான 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்வதால், அந்த வரி தேவைதான். ஆனால், இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அதனால் பயனில்லை. மிஞ்சியிருப்பவர் ஒருவர் என்றால் கூட்டு ஏது? உச்ச நீதிமன்றமும் 1965-இல் சேட் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் இதையே உறுதிசெய்தது.

எனக்குத் தெரிந்த பாத்திரக்கடை ஒன்றில் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு தந்தை காலமானார். வங்கி நடப்புக் கணக்கை நிறுத்தியது. சரக்குக்காரர்களுக்குக் கொடுத்திருந்த காசோலைகள் திரும்பின. ஜிஎஸ்டி எண் நிறுவனத்தின் பான் எண்ணில் இருந்ததால், மகன் தன் பெயரில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பண்டிகை வியாபாரம் அதற்குள் முடிந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, தாயாரையோ சகோதரியையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்ப்பது. விகிதம் சிறிதாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமன்று.

அடுத்து, இறந்தவரின் பங்கு. இந்துவான தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். மணமாகிப் போன மகளும் இதில் அடக்கம். வாரிசுகள் தாமாகப் பங்குதாரர் ஆவதில்லை, ஆனால் அவர்களுக்குரிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். கணக்கு முடிக்காமல் அந்தச் சொத்தைக் கொண்டே தொழிலைத் தொடர்ந்தால், அதற்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ அவர்கள் தங்கள் விருப்பப்படி கேட்கலாம் என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. மரணத் தேதியில் கணக்கை யார் முடிப்பது, இருப்புச் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பதா சந்தை விலையில் மதிப்பதா, கடையின் நற்பெயருக்கு என்ன மதிப்பு, தொகையை எத்தனை தவணையில் தருவது என்பவற்றைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நான் பார்த்தவரை, சண்டை தொடங்குவது பெரும்பாலும் சரக்கு மதிப்பில்தான்.

கடைக் கட்டடம் தந்தையின் சொந்தச் சொத்தா, நிறுவனத்தின் சொத்தா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சொந்தமானது என்றால் தனியாக வாடகை ஒப்பந்தம் போடுவது நல்லது.

காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் மகனுக்கு, பத்திரத்தில் எழுதியிருந்தாலொழியச் சம்பளம் கேட்க உரிமையில்லை; விகிதம் எழுதாவிட்டால் லாபமும் எல்லோருக்கும் சமம்.

கடைசியாக, பத்திரத்தை எழுதிப் பெட்டியில் பூட்டிவிடாமல் பங்குதாரர் நிறுவனங்களின் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத நிறுவனம், கடன்சொல்லி வாங்கியவர் மீது பாக்கிக்காக வழக்குத் தொடர முடியாதபடி 69-ஆம் பிரிவு தடுக்கிறது. ஏற்கெனவே பதிவு செய்திருந்தாலும், புதிதாகச் சேர்த்த தாயாரின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறாவிட்டால் அதே தடை மீண்டும் குறுக்கே வரும்.