அந்தமான் போனால் போர்ட் பிளேரைக் கடைசியில் வையுங்கள்

சேலத்திலிருந்து அந்தமானுக்கு இரண்டாம் முறை, நிதானமாகப் போகிறவர்கள் தீவுகளை முதலில் முடித்துவிடுங்கள்; கடைசி இரவு விமானம் ஏறும் போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜய புரம்) தங்குங்கள். ஹேவ்லாக் தீவு, அங்கிருந்து நேராக நீல் தீவு, பிறகு போர்ட் பிளேர் என்று முக்கோணமாகக் கப்பல் டிக்கெட் எடுத்தால் ஒரு பயணக் காசும் அரை நாளும் மிச்சம். (டிக்கெட்டில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் ஷஹீத் த்வீப் என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம்.) காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காசு திரும்ப வந்தாலும் தவறவிட்ட விமானக் காசு வராது. அதற்குத்தான் அந்த ஓர் இரவு. திரும்பும்போது சென்னையிலிருந்து சேலத்துக்கு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள், பகல் ரயில் நெருக்கடி.

கப்பலில் குமட்டல் வருமென்றால் கீழ்த்தளத்தில் பின்பக்க நடு இருக்கை கேளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போர்ட் பிளேரில் ஓர் இரவு போதாது, இரண்டு வையுங்கள். மூன்றே நாள் பயணத்துக்கு இது ஒத்துவராது. ஹேவ்லாக் மட்டும் போதும்.