அப்பா கடலில், பிள்ளை வகுப்பில்: கரையோரத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு

"டீச்சர், வயித்த வலிக்குது" என்று முதல் பாடவேளையிலேயே ஒரு பிள்ளை வந்து நின்றால், முதலில் சாப்பிட்டதா என்று கேளுங்கள். காலை உணவு தவறியிருந்தால் ஏதாவது கொடுத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி விசாரியுங்கள். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது கிழமையைப் பார்க்க வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது முறை. ஒரு நோட்டில் நான்கு வாரம் குறித்து வாருங்கள்: தேதி, பிள்ளை சொன்னது, அன்று அப்பா கடலிலா கரையிலா. வலி கடல் நாட்களிலேயே விழுந்தால் அது பெரும்பாலும் பயத்தின் வலி. பயத்தில் குடல் இறுகும், ஆகவே வலி நிஜம். "நடிக்கிறான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

எல்லாப் பிள்ளைக்கும் வயிறு வலிக்காது. ஒன்று, இரண்டாம் வகுப்பில், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும், அம்மாவின் முந்தானையை விடாது. நான்கு, ஐந்தில் சிடுசிடுப்பு, எழுத்துப் பிழை, வகுப்பில் தூக்கம். தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். வீட்டில் இரவெல்லாம் போனைப் பார்த்தபடி விழித்திருந்திருப்பார்கள். பதினைந்து நிமிடம் தலை சாய்க்க விட்டால் மீதிப் பாடம் ஏறும். கண்ணில் படாமல் போவது அமைதியான பெண்பிள்ளைதான். தம்பிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, சரியான நேரத்துக்கு வந்து, எந்தத் தொந்தரவும் தராமல் உட்கார்ந்திருப்பாள். அவளை வாரம் ஒருமுறையாவது தனியாக விசாரியுங்கள்.

காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழையுங்கள். முப்பது பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும். பிறகு சிப்பி. மேசையில் மூன்று டப்பா வையுங்கள். சிரித்த முகம், சாதாரண முகம், வாடிய முகம் ஒட்டியிருக்கட்டும். பிள்ளை தன் எண் எழுதிய சிப்பியை அன்றைய மனதுக்கு ஏற்ற டப்பாவில் போட்டுவிட்டுப் போகும். ஏன் என்று எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் எல்லாச் சிப்பியும் சிரித்த முகத்தில்தான் இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து வாடிய முகத்தில் விழுந்த எண்ணை மட்டும் இடைவேளையில் தனியாகக் கூப்பிடுங்கள். மனநிலையை வானிலையாகச் சொல்லவைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. இந்தக் கரைக்கு அது வேண்டாம். கொந்தளிப்பு, காற்று என்பதெல்லாம் இங்கே உவமை இல்லை. அப்பா போயிருக்கும் கடலைப் பற்றிய செய்தி அது.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். பெரும்பாலும் நேரம் தவறிச் செய்வதால் கெடுகிறது. அழுது விம்மும் பிள்ளையிடம் புதிதாகக் கற்றுக்கொடுத்தால் ஏறாது. எல்லோரும் அமைதியாக இருக்கும் மதிய உணவுக்குப் பிறகு தினமும் பழக்குங்கள்: மூன்று எண்ணி உள்ளே, ஐந்து எண்ணி வெளியே, ஐந்து முறை. கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளைக்கு மூடிய கண்ணுக்குள்தான் எல்லாம் ஓடும். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும்.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த செய்தி, பெரும்பாலும் பிள்ளை பள்ளிக்கு வரும் முன்னரே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அன்று அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தால், பழகிய ஆசிரியர் ஒருவர் மட்டும் பேசட்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பிரார்த்தனை வேண்டாம். உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து, அது வீட்டில் அழைக்கும் சொல்லையே, அப்பாவோ வாப்பாவோ அத்தாவோ, பயன்படுத்தி இப்படிச் சொல்லலாம்: "அப்பாவ அங்க பிடிச்சு வச்சிருக்காங்க. எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் அம்மா சொல்லுவாங்க. இங்க இருக்குற வரைக்கும் நான் பாத்துக்குறேன்." நாளைக்கே வந்துவிடுவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இலங்கையில் ஊர்காவற்துறையிலோ மன்னாரிலோ நீதிமன்றக் காவல் நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கு உடையும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து உடையும். வாய்தா தேதியை அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளும் மறுநாளும் தேர்வு வைக்காதீர்கள், வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குங்கள். உட்காரும் இடம், மணி அடிக்கும் பொறுப்பு, பக்கத்துத் தோழி, இவற்றில் எதையும் மாற்ற வேண்டாம்.

மைதானத்தில் 'நேவி' விளையாட்டு நடக்கும். ஒருவன் பிடிப்பான், மற்றவர்கள் ஓடுவார்கள். தடுக்காதீர்கள், பயத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் கையாளும். யாருக்காவது அடிபட்டாலோ, ஒரே பிள்ளை தினமும் பிடிபட்டு இறுகிய முகத்தோடு திரும்பினாலோ மட்டும் தலையிடுங்கள். "படகு கரைக்கு வர என்ன செய்யலாம்?" என்று கேட்டு விளையாட்டின் முடிவைத் திறந்துவிடுங்கள்.

பாம்பனில் புயல் கூண்டு ஏறும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் தேவை ஆறுதலைவிடத் தகவல்: பள்ளி விட்டால் யார் வந்து கூட்டிப்போவார், யாரும் வராவிட்டால் எந்த ஆசிரியரோடு இருப்பது. அக்டோபர் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை எழுதி வைத்து, ஒருமுறை நடத்தியும் பாருங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்பா வீட்டில் இருப்பார்; வருமானம் இராது, கடன் பேச்சு இருக்கும். பள்ளி திறப்பதும் படகு இறங்குவதும் ஜூனில் அடுத்தடுத்து வருவதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே மாதத்தில் இரண்டு பிரிவு. முதல் இரண்டு வாரம் அழுகையை எதிர்பார்த்தே பாடத்தைத் திட்டமிடுங்கள்.

வீட்டாரிடம் பேசும்போது 'மனநலம்' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. அந்தச் சொல்லைக் கேட்டதும் தாய்க்கு நினைவு அங்கேதான் போகும். "பிள்ள ரெண்டு வாரமா தூங்கல, சரியா சாப்பிடல, கவனிச்சீங்களாம்மா?" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதாகோயிலுக்கோ போகிறோம் என்றால் மறுக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டும்படி சேர்த்துச் சொல்லுங்கள். 14416-ல் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் ஆலோசகர் இலவசமாகப் பேசுவார், தமிழிலேயே பேசலாம்.

காத்திருக்கக் கூடாதவை இரண்டு. பிள்ளை "செத்துப் போகணும்" என்றாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, தனியே விடாமல் அன்றே வீட்டாரை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். யாரோ தவறாகத் தொட்டதாகச் சொன்னால் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளையின் சொல்லை அப்படியே எழுதி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் காவல் துறைக்கும் உடனே தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ரகசியமாக வைக்கிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஆண்டு முடிவிலும், இடமாற்றத்தில் போகும்போதும், அடுத்த ஆசிரியருக்குப் பிள்ளைக்கு மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எதற்குப் பயம், எது அமைதிப்படுத்தும், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் கையில் கொடுத்து, அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு அறிமுகப்படுத்துங்கள்.