பழைய ஸ்னோமொபைலுக்கு ரோலர் கிளட்ச்: முதன்முறை மாற்றுபவர்களுக்கான செய்முறை

1990களில் வந்த போலாரிஸ் இன்டி ஸ்னோமொபைல்கள், அதாவது பனியில் ஓடும் வண்டிகள், இன்றும் மினசோட்டாவிலும் ஒன்டாரியோவிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருந்தும் ஆழமான பனியில் ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் அழுத்தும்போது வண்டி தயங்கினால், பெரும்பாலும் குறை பின்பக்கக் கிளட்சில்தான். 2000-க்குப் பிறகு வந்த, டீம் நிறுவனத்தின் ரோலர் செகண்டரியை (ரோலர்கள் கொண்ட பின்பக்கக் கிளட்ச்) பொருத்தினால் இந்தத் தயக்கம் வெகுவாகக் குறையும். முன்பக்கக் கிளட்சான பி-85 ப்ரைமரியை மாற்ற வேண்டியதில்லை.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போன்ற அமைப்புதான் இது. எஞ்சின் கிராங்க்கில் இருப்பது ப்ரைமரி. எஞ்சினின் சக்தியை வண்டியின் ஓட்டத்துக்குக் கடத்தும் தண்டான ஜாக் ஷாஃப்டில் இருப்பது செகண்டரி. இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. வேகம் கூடக் கூட ப்ரைமரியின் எடைகள் வெளியே வீசி அதன் தட்டுகளை நெருக்குகின்றன, செகண்டரியின் தட்டுகள் விலகுகின்றன. செகண்டரிக்குள் ஹெலிக்ஸ் என்ற சரிவான உலோகப் பாகம் உண்டு. பழைய கிளட்சில் பிளாஸ்டிக் பட்டன்கள் அந்தச் சரிவில் உரசிக்கொண்டு நகரும். தேய்ந்தால் பள்ளம் விழும், சிக்கும். புதியதில் ரோலர்கள் உருள்வதால் உராய்வு குறைவு.

வாங்கும் முன்

முதலில் பழைய செகண்டரியைக் கழற்றி ஜாக் ஷாஃப்டைப் பாருங்கள். ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) உள்ளதா, சாவி (பள்ளத்தில் செருகும் உலோகத் துண்டு) உள்ளதா? ஷாஃப்டின் விட்டம் என்ன? ஸ்ப்ளைன் பற்கள் எத்தனை? இவற்றைக் குறித்துக்கொண்டு அதே அளவுள்ள கிளட்சை மட்டும் வாங்குங்கள். ஒரே நிறுவனத்துடையது என்பதால் பொருந்திவிடும் என்று நம்ப வேண்டாம்.

பழைய கிளட்ச் வாங்குவதானால் தட்டுகளில் விரலை ஓட்டுங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். ரோலர்கள் தட்டையாகத் தேய்ந்திருக்கக் கூடாது, புஷ் (உள்ளே தாங்கும் வளையம்) ஆடக் கூடாது. ஆரம்பத்தில் பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். 800 சிசி வண்டியிலிருந்து கழற்றிய கிளட்சில் அந்த எஞ்சினுக்கான ஹெலிக்ஸும் ஸ்பிரிங்கும்தான் இருக்கும். அதை அப்படியே 500 சிசி எஞ்சினில் போட்டால் கிளட்ச் சீக்கிரமே உயர் விகிதத்துக்கு (உயர் கியர் போன்ற நிலைக்கு) தாவி, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) படுத்துவிடும். உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற ஹெலிக்ஸையும் ஸ்பிரிங்கையும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். ஹெலிக்ஸ் மீது 44-36 என்று இருந்தால், சரிவு 44 டிகிரியில் தொடங்கி 36-இல் முடிகிறது என்று பொருள். டிகிரி கூடினால் விகிதம் விரைவாக உயரும். குறைந்தால் பெல்ட்டை இறுகப் பிடித்து ஆர்பிஎம்மைத் தாங்கும்.

கழற்றுதல்

1. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுங்கள். பிரேக்கைப் பூட்டுங்கள். கிளட்ச் கவசத்தைத் திறந்து பெல்ட்டைக் கழற்றுங்கள்.

2. ஜாக் ஷாஃப்ட் முனை போல்ட்டை எடுத்துச் செகண்டரியை நேராக வெளியே இழுங்கள். உள்ளும் வெளியும் இருந்த வாஷர்களைப் படமெடுத்து, அதே வரிசையில் கம்பியில் கோத்து வையுங்கள்.

3. ஸ்ப்ளைனைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். ப்ரைமரியைக் கழற்ற நேர்ந்தால் கிராங்க் முனையின் கூம்பில் கிரீஸோ எண்ணெயோ படவே கூடாது. அதைப் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து உலர்வாகவே பொருத்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் கிளட்ச் கூம்பில் வழுக்கி இரண்டையுமே கெடுத்துவிடும்.

ஹெலிக்ஸை மாற்றும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

நேர்க்கோடும் பெல்ட்டும்

பெல்ட் ஒரே பருவத்தில் கிழிவதற்கு இந்த வேலையைச் சரியாகச் செய்யாததே பெரும்பாலும் காரணம். இரு கிளட்சுகளின் அசையாத தட்டுகளுக்கு இடையிலான பக்கவாட்டு விலகலை ஆஃப்செட் என்பார்கள். அந்தக் காலத்துப் பல இன்டி மாடல்களில் இது எட்டில் ஐந்து (5/8) அங்குலம், அதாவது சுமார் 16 மி.மீ. உங்கள் வண்டியின் பணிமனைக் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பெல்ட் இல்லாத நிலையில் ஆஃப்செட் அளவுள்ள எஃகுப் பட்டையை வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் செகண்டரிக்குப் பின்னால் வாஷரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பட்டை முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஒட்டாமல் கோணலாக இருந்தால், அதை வாஷரால் திருத்த முடியாது. எஞ்சின் மவுண்டின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்து பெல்ட். இரு கிளட்சுகளின் தட்டுக் கோணத்துக்கும் மைய தூரத்துக்கும் பொருந்திய பெல்ட் வேண்டும். புதியதை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பிறகு போடுங்கள். செகண்டரியில் அது தட்டின் விளிம்பை ஒட்டியோ சற்றே மேலாகவோ அமர வேண்டும். மிக மேலே இருந்தால் சரிசெய்யும் திருகை உள்ளே திருகுங்கள்: தட்டுகள் விரியும், பெல்ட் இறங்கும். அளவு கடந்து இறக்கினால் தொடக்க விகிதம் கூடி, கிளம்பும்போதே வண்டி திணறும். திருகின் பூட்டு நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

போல்ட்டைக் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டாம். கவசம் இல்லாமலோ பெல்ட் இல்லாமலோ எஞ்சினை முறுக்கவே கூடாது. பெல்ட் இல்லாத ப்ரைமரி தட்டுத் தட்டென்று மோதி உடையலாம். சிதறும் துண்டுகள் காலைப் பதம் பார்க்கும்.

சோதனை ஓட்டம்

முதல் 50 கி.மீ. மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். பெல்ட் பழகிய பின், ஆளில்லாத, சமமான, இறுகிய பனியில் முழுதாக அழுத்தி ஆர்பிஎம்மைக் கவனியுங்கள். எஞ்சின் உச்ச சக்தி தருவது 8,000-இல் என்று வைத்துக்கொண்டால், 8,300 காட்டினால் ப்ரைமரி எடைகள் லேசு. 7,700 காட்டினால் கனம். ஓர் எடையில் 1 கிராம் மாற்றினால் ஏறத்தாழ 100 ஆர்பிஎம் மாறும் என்பது நடைமுறைக் கணக்கு. மூன்று எடைகளையும் சமமாகவே மாற்றுங்கள். ரோலருக்கு மாறியதும் உராய்வு குறைவதால் ஆர்பிஎம் இடம் பெயர்வது இயல்பு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். எடை, ஸ்பிரிங், ஹெலிக்ஸ் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் பின் எஞ்சினை அணைத்து, இரு கிளட்சுகளின் அருகிலும் கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுங்கள். செகண்டரி மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பெல்ட் வழுக்குகிறது. கடினமான ஸ்பிரிங்கோ குறைந்த டிகிரி ஹெலிக்ஸோ தேவை. மலைப்பகுதிக்கு வண்டியைக் கொண்டுபோகிறீர்கள் என்றால், 1,000 அடி ஏற ஏற எஞ்சின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். அங்கே லேசான எடைகளைப் போட வேண்டியிருக்கும், இறங்கி வந்ததும் பழைய எடைகளை மாட்டிவிடுங்கள்.