பசங்கள ட்ராம்போலின் பார்க், க்ளைம்பிங் வால் கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி

மே மாச வெயில்ல பசங்கள வெளிய விளையாட விட முடியாது, வீட்ல விட்டா வீட்டையே ரெண்டாக்கிடுவாங்க, அதனால இப்ப சென்னைல நிறைய பேரு இந்த இன்டோர் ட்ராம்போலின் பார்க் பக்கம் கிளம்பிடறாங்க. ஏசி இருக்கு, குதிக்கலாம், செவுரு ஏறலாம், ஸ்பான்ஜு நிரப்பின ஃபோம் பிட்ல விழுந்து புரளலாம், ராத்திரி பசங்க தானா தூங்கிடும். நல்ல விஷயம்தான். ஆனா மால்ல இருக்கற மத்த கேம் மாதிரி நெனச்சு பசங்கள உள்ள தள்ளி விட்டுட்டு காஃபி வாங்க போற இடம் இது இல்ல, அதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல்ல ஸ்லாட். வார நாள்ல காலைல முதல் ஸ்லாட் கெடச்சா கண்ண மூடிட்டு எடுத்துடுங்க. சனி ஞாயிறு சாயந்தரம் பர்த்டே பார்ட்டி கூட்டம் மொத்தமா வந்து எறங்கும், 4 வயசு வாண்டும் 15 வயசு தடியனும் ஒரே எடத்துல குதிப்பாங்க, அடிபடறது பெரும்பாலும் அப்பதான். ஸ்லாட் 11 மணின்னா 10:30க்கே போயிடுங்க, ஏன்னா சம்மத ஃபார்ம்ல கையெழுத்து, கைல பேண்ட், சாக்ஸ், லாக்கர், சேஃப்டி வீடியோன்னு நேரம் ஓடிடும், நீங்க லேட்டா உள்ள போனாலும் முடியற நேரம் மாறாது.

காசு விஷயம் முன்னாடியே ஃபோன் போட்டு கேட்டுடுங்க. டிக்கெட் ரேட் மட்டும் பாத்து கிளம்பினா கவுன்ட்டர்ல முகம் மாறிடும். தலைக்கு 700 ரூபான்னு வெச்சுக்குவோம், நாலு பேருக்கு 2800, அது மேல ஜிஎஸ்டி சேருமா, வழுக்காம இருக்க போடற க்ரிப் சாக்ஸ் தனியா, லாக்கர் தனியா, மால் பார்க்கிங் தனியா. வெளி சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, அங்க இருக்கற கேஃபேல ஒரு ஃப்ரைஸ் வாங்கினாலே சுருக்குன்னு இருக்கும். குதிக்காம சும்மா உக்கார போற தாத்தா பாட்டிக்கும் டிக்கெட் உண்டான்னு கேளுங்க, சில எடத்துல உண்டு. க்ளைம்பிங் அதே டிக்கெட்ல வருமா தனியாங்கறதயும் மறக்காம கேளுங்க, உள்ள போனப்புறம் பசங்க செவுத்த பாத்து அடம் புடிச்சா அப்ப பேரம் பேச முடியாது.

அந்த ஃபார்ம் இருக்கே, அத அப்பாவோ அம்மாவோ படிச்சுட்டு போடுங்க. அக்கா பொண்ணு, பக்கத்து வீட்டு பையன்னு எல்லாரையும் அள்ளிட்டு போறீங்கன்னா அவங்கவங்க அப்பா அம்மாகிட்ட மொதல்லயே சொல்லி அவங்க சம்மதத்தோட போங்க. சித்தப்பா கையெழுத்து போட்டு, கால் ஒடிஞ்சு, அப்புறம் ரெண்டு குடும்பம் பேசிக்காம போறதெல்லாம் தேவையா.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்கற ஒரு விஷயம், நகை. கொலுசு, வளையல், தொங்கட்டான், கழுத்து செயின், மோதிரம், அரைஞாண் கயித்துல கோத்த தாயத்து, எல்லாத்தயும் வீட்லயே கழட்டிடுங்க. ட்ராம்போலின் மேட் கெட்டியா நெய்த துணி, ஓரத்துல பேடுக்கும் மேட்டுக்கும் நடுவுல இடுக்கு இருக்கும், கொலுசு கொக்கி அதுல மாட்டினா கால் அங்கயே நிக்கும், உடம்பு மட்டும் மேல போகும். மோதிரம் க்ளைம்பிங்ல இன்னும் மோசம், செவுத்துல இருக்கற புடிய புடிச்சிருக்கற நேரத்துல கால் வழுக்கினா மொத்த உடம்பு வெயிட்டும் அந்த ஒத்த மோதிரத்துல தொங்கும், விரல் தோல உரிச்சு எடுத்துடும். பெரியவங்களுக்கும் இதேதான், கல்யாண மோதிரம்னு சென்டிமென்ட் பாக்காதீங்க. வீட்லயே கழட்ட சொல்றதுக்கு காரணம், தங்கத்த அங்க லாக்கர்ல வெச்சுட்டு குதிச்சா மனசு பூரா லாக்கர்லயே இருக்கும். தாலி கழட்ட மாட்டேன்னு சொல்றவங்க அத நல்லா உள்ள விட்டு டைட்டான டிஷர்ட் போட்டுக்கோங்க, ஆனா செவுரு ஏறாதீங்க.

ட்ரெஸ்ஸு லெக்கிங்ஸோ ட்ராக் பேன்ட்டோ, டிஷர்ட். ஜீன்ஸ், பெல்ட், துப்பட்டா, கயிறு தொங்கற ஹூடி எதுவும் வேணாம். முடிய இறுக்கி பின்னி ரப்பர் பேண்ட் போடுங்க, கிளிப்பு ஊசி இல்லாம. பாக்கெட்ட காலி பண்ணுங்க, ஃபோம் பிட்ல விழுந்த ஃபோன தேடறது தனி கொடுமை.

சாப்பாடு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடணும், ரெண்டு இட்லி போதும், பூரி பிரியாணி எல்லாம் திரும்பி வர்றப்ப. உள்ள போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ பாத்ரூம் போயிடுங்க. முக்கியமா குழந்த பெத்த அம்மாங்களுக்கு சொல்றேன், குதிக்கறப்ப கொஞ்சம் லீக் ஆகறது ரொம்ப பேருக்கு நடக்கறதுதான், வெளிய யாரும் சொல்றதில்ல, ஒரு பேட் வெச்சுட்டு கருப்பு லெக்கிங்ஸ் போட்டுட்டு ஜாலியா குதிங்க.

சரி, இப்ப மெயின் மேட்டர். இந்த கட்டுரைல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இத வெச்சுக்கோங்க: ஒரு மேட்ல ஒரு ஆள். அவ்ளோதான். அமெரிக்க குழந்தை டாக்டருங்க சங்கம் 2012ல வெளியிட்ட அறிக்கைல, ட்ராம்போலின்ல அடிபடறதுல முக்கால்வாசி ஒரே மேட்ல ஒருத்தருக்கு மேல குதிக்கறப்பதான் நடக்குதுன்னு சொல்லிருக்காங்க, அதுலயும் கூட குதிக்கற பெரிய ஆள விட சின்ன குழந்தைக்கு அடிபட 14 மடங்கு வரைக்கும் சான்ஸ் அதிகம்னும் இருக்கு. ஏன்னா, அப்பா 80 கிலோ, குழந்த 15 கிலோன்னு வைங்க. அப்பா எறங்கி மேட் கீழ போய் திரும்ப மேல எழும்பற அதே நொடில குழந்த எறங்குது. அப்ப மேட் குழந்தைய தாங்காது, எதிர்ல வந்து அடிக்கும். அப்பாவோட வேகம் மொத்தமும் அந்த சின்ன கால்ல ஏறும். குழந்த விழக்கூட வேணாம், நின்ன வாக்குலயே முட்டிக்கு கீழ எலும்புல கீறல் விட்டுடும். இதுக்கு டாக்டருங்க ட்ராம்போலின் ஃப்ராக்சர்னே பேரு வெச்சிருக்காங்க, 2லேர்ந்து 5 வயசு குழந்தைங்களுக்குதான் அதிகமா வரும்.

அதனால குழந்த கைய புடிச்சுட்டு சேர்ந்து குதிச்சு ரீல்ஸ் எடுக்கற ஆசைய விட்டுடுங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா அதுலதான் டேஞ்சரே. பக்கத்து மேட்ல நீங்க, இந்த மேட்ல அவன், அது ஓகே. அமெரிக்க எலும்பு டாக்டருங்க சங்கம் 6 வயசுக்கு கீழ ட்ராம்போலினே வேணாங்குது. நம்ம ஊர்ல 3 வயசுலயே டிக்கெட் குடுக்கறாங்க, குட்டீஸுக்குன்னு சாஃப்ட் ப்ளே தனியா இருந்தா சின்னத அங்கயே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். பெரியவன் ஒரு பக்கம், சின்னவ ஒரு பக்கம்னா ரெண்டு பெரியவங்க வேணும், அதனால தனி ஆளா ரெண்டு மூணு பசங்கள கூட்டிட்டு போகாதீங்க, அத்தையோ மாமாவோ யாரயாவது தொணைக்கு இழுத்துக்கோங்க.

பசங்களுக்கு குதிக்க சொல்லிக்குடுக்க பெருசா ஒண்ணுமில்ல. மேட் நடுவுல குதி, முட்டிய லேசா மடக்கி எறங்கு, நிக்கணும்னா முட்டிய நல்லா மடக்கு, தானா நின்னுடும். பேலன்ஸ் போச்சுன்னா கைய ஊனாம பின்னாடி உக்காந்துடு. இந்த கடைசி விஷயம் முக்கியம், கைய நீட்டி ஊனினா மணிக்கட்டோ முழங்கையோ போயிடும். முதல் அஞ்சு நிமிஷம் இத மட்டும் ப்ராக்டிஸ் பண்ண வைங்க, அப்புறம் அவங்க பாட்டுக்கு குதிக்கட்டும்.

ஃபோம் பிட்ல கால் முதல்ல, இல்ல குண்டி முதல்ல, தலை முதல்ல மட்டும் கூடவே கூடாது, நீச்சல் குளத்துல டைவ் அடிக்கற மாதிரி பாஞ்சா கழுத்துக்கு ஆபத்து. முன்னாடி குதிச்சவன் ஏறி வெளிய வந்தாச்சான்னு பாத்துட்டுதான் அடுத்தவன் குதிக்கணும், ஸ்பான்ஜுக்குள்ள ஆள் இருக்கறது மேல இருந்து தெரியாது. வீசிங் இருக்கற பசங்க இன்ஹேலர் கைல வெச்சுக்கோங்க, அந்த ஸ்பான்ஜுல இருக்கற தூசி ஒரு மாதிரி.

பெரியவங்களுக்கு ஒரு வார்த்த. காலேஜ்ல நான் எல்லாம் பேக் ஃப்ளிப் அடிப்பேன்னு எல்லா குடும்பத்துலயும் ஒரு சித்தப்பா இருப்பாரு, அவர கண்ட்ரோல் பண்ணுங்க. ட்ராம்போலின் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்லேர்ந்து ஒலிம்பிக் விளையாட்டு, அதுல வருஷக்கணக்கா ட்ரெயின் ஆனவங்களே ஒரு ரூட்டீன்ல 10 ஸ்கில்தான் பண்றாங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நம்ம ஆளு ஆஃபீஸ் சேர்லேர்ந்து நேரா எழுந்து வந்து ஒரு மணி நேரம் குதிக்கறாரு. 10 நிமிஷம் குதிச்சா 5 நிமிஷம் உக்காருங்க, தண்ணி குடிங்க, ஸ்லாட் காசு வேஸ்ட் ஆகுதேன்னு கணக்கு பாக்காதீங்க, டயர்டா இருக்கறப்பதான் கால் பிசகும். கர்ப்பமா இருக்கறவங்க, டிஸ்க் பிரச்சன, முட்டி பிரச்சன, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க வெளிய உக்காந்து வீடியோ எடுங்க. டவுன் சிண்ட்ரோம் இருக்கற குழந்தைங்கன்னா கழுத்து எலும்பு பத்தி டாக்டர்கிட்ட கேக்காம ட்ராம்போலின்ல ஏத்தாதீங்க.

க்ளைம்பிங் வால். குதிச்சு களைச்சப்புறம் ஏறினா கை நிக்காது, அதனால முடிஞ்சா இத முதல்ல பண்ணிடுங்க. ஹார்னஸ், அதாவது இடுப்புலயும் தொடையிலயும் மாட்டற பெல்ட், இடுப்பு எலும்புக்கு மேல உக்காரணும், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவு இருந்தா சரி, மொத்த கையும் போனா லூஸு. ரொம்ப சின்ன பசங்களுக்கு இடுப்பே கெடயாது, தலைகீழா ஆனா ஹார்னஸ் வழுக்கிடும், தோள்பட்டையும் சேர்த்து மாட்டற ஃபுல் பாடி ஹார்னஸ் கேளுங்க. மேல ஆட்டோ பிலேன்னு ஒரு மெஷின் இருக்கும், ஏற ஏற கயித்த அதுவே இழுத்துக்கும், கைய விட்டா மெதுவா எறக்கி விடும், நிறைய மெஷின்ல காந்த ப்ரேக்தான். மெஷின் நல்லாத்தான் வேல செய்யும், ஆனா அதோட கொக்கிய மாட்ட மறந்துட்டா மெஷின் இருந்து என்ன. மார்ஷல், அதாவது அங்க நின்னு பாத்துக்கற ஸ்டாஃப், மாட்டிட்டாருன்னு விடாதீங்க, நீங்க கிட்ட போய் அந்த கொக்கிய புடிச்சு இழுத்து, லாக் விழுந்திருக்கான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் ஏற விடுங்க. ஒவ்வொரு தடவயும். மெஷினுக்கு குறைஞ்சபட்ச வெயிட் போர்டுல போட்டிருக்கும், அதுக்கும் கம்மியா இருந்தா குழந்த எறங்காம மேலயே தொங்கிட்டு நிக்கும்.

பாதி உசரத்துல போய் பயந்து செவுத்த கட்டி புடிச்சுட்டு அழறது சகஜம். கீழேர்ந்து ஆளாளுக்கு கத்தாதீங்க, ஒருத்தர் மட்டும் பேசுங்க. கீழ பாக்காத கண்ணா, செவுத்த பாரு, ரெண்டு காலயும் அகட்டி செவுத்துல வை, இப்ப சேர்ல உக்கார்ற மாதிரி பின்னாடி உக்காரு, கயித்து மேல வெயிட்ட போடு. உக்காந்தப்புறம் கயிறு தாங்குதுன்னு அவங்களுக்கே புரியும், அழுக நின்னுடும், அப்புறம் கைய விட சொல்லுங்க. அன்னிக்கு மறுபடி ஏற மாட்டேன்னா விட்டுடுங்க, கோழன்னு கிண்டல் பண்ற மாமாவ கொஞ்சம் தள்ளி நிக்க சொல்லுங்க. கயிறில்லாத குட்டி செவுரு இருந்தா அதுல ஏறின வழியாவே எறங்கி வரணும், மேலேர்ந்து குதிக்கக்கூடாது, கீழ வேற யாரும் நிக்கக்கூடாது.

உள்ள நுழைஞ்சதும் இன்னொண்ணு பாருங்க, வெளிய போற வழி. 2024 மே 25, லீவு நேர சனிக்கிழமை, குஜராத் ராஜ்கோட்ல ஒரு கேம் ஸோன்ல தீப்புடிச்சு குழந்தைங்க உட்பட 25 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுக்கு தீயணைப்பு துறை குடுக்கற அனுமதியான ஃபயர் என்ஓசியே இல்லன்னு அப்புறம்தான் வெளிய வந்துச்சு. இந்த மாதிரி எடம் பூரா ஸ்பான்ஜும் ரெக்ஸினும்தான், புடிச்சா நிக்காது. ரெண்டாவது கதவு எங்க, அது பூட்டிருக்கா, முன்னாடி பொட்டி அடுக்கி வெச்சிருக்கானான்னு ஒரு ரவுண்டு பாத்துடுங்க. ஒரே வழிதான்னா, காசு போனாலும் பரவால்லன்னு திரும்பிடறது நல்லது. அதே ரவுண்டுல ஸ்ப்ரிங் எல்லாம் பேடால மூடிருக்கா, மேட் எங்கயாவது கிழிஞ்சிருக்கா, மார்ஷல் பசங்கள பாக்கறாரா ஃபோன பாக்கறாரான்னும் கவனிங்க.

அடிபட்டுடுச்சுன்னா, வீங்கின எடத்துல துணில சுத்தி ஐஸ், 15 நிமிஷம், அசைக்காம. எண்ண தடவி நீவறது, இழுத்து விடறது எதுவும் பண்ணாதீங்க. கால் சுளுக்குதான், புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்னு பாட்டி சொல்வாங்க, முதல்ல எக்ஸ்ரே எடுத்துடலாம் பாட்டின்னு சொல்லி கிளப்புங்க. சின்ன குழந்த வீக்கமே இல்லாம, ஆனா அந்த கால ஊனவே மாட்டேன்னு தூக்க சொல்லி அழுதா அது நடிப்பு இல்ல, அன்னிக்கே காட்டிடுங்க. தலைல அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, தூக்கமா சொக்கினாலோ நேரா எமர்ஜென்சி. கழுத்து வலிக்குதுன்னு சொன்னா தூக்கி உக்கார வெக்காதீங்க, படுத்தபடியே விட்டுட்டு 108 கூப்பிடுங்க.

முடிச்சு வர்றப்ப பசங்க கை கால சோப்பு போட்டு கழுவிட்டு சாப்ட வைங்க, ஊர்பட்ட பேர் கால் பட்ட மேட் அது. மறுநாள் உங்களுக்கு தொட, கெண்டக்கால், வயிறு எல்லாம் வலிக்கும், ரெண்டு நாள்ல போயிடும், பசங்களுக்கு ஒண்ணும் இருக்காது. க்ரிப் சாக்ஸ தூக்கி போட்டுடாதீங்க, தொவைச்சு எடுத்து வைங்க, அடியில இருக்கற ரப்பர் புள்ளி தேயாத வரைக்கும் நிறைய பார்க்ல அதையே போட்டுட்டு வர விடுவாங்க.