காலையில் மட்டும் சீனி ஏறுகிறதா? முதலில் அதிகாலை 3 மணிக்குப் பாருங்கள்

முதல் வகை இனிப்புநீர் உள்ள பிள்ளை. இரத்தச் சீனி படுக்கும்போது 7 mmol/L, பள்ளிக்குக் கிளம்பும்போது 14. ராத்திரி ஒளிந்து எதையோ தின்றிருப்பான் என்று திட்ட வேண்டாம். ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், சில மணி நேரம் கழித்து இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். விடியும் நேரத்தில் கார்டிசோலும் சேர்ந்துகொள்ளும். கல்லீரல் சீனியைக் கொட்டும். மற்றவர்களுக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும், இவர்களுக்கு அந்த வழியில்லை. பருவ வயதில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 யூனிட் இன்சுலினைத் தாண்டி, சிலருக்கு 1.5 வரைகூடத் தேவைப்படும்.

அதற்காகக் காலை அளவை மட்டும் பார்த்து ராத்திரி ஊசியைக் கூட்டிவிடாதீர்கள். மூன்று இரவுகளுக்குப் படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் என்று பார்த்து எழுதுங்கள். 3 மணி வரை சீராக இருந்து பிறகு ஏறினால் ஹார்மோன்தான். படுத்ததிலிருந்தே ஏறினால், பத்து மணிக்கு மாமாக் கடையில் சாப்பிட்ட ரொட்டி சானாயைச் சந்தேகியுங்கள். கொழுப்புள்ள சாப்பாடு மெதுவாகத்தான் ஏறும். மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் போதாமலும் இருக்கலாம். 3 மணிக்கு 4-க்குக் கீழே இருந்தால் ஊசி அதிகம். மேலும் கூட்டினால் ஆபத்து. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கையில் சீனியை அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தால், அதன்மேல் படுத்து அழுத்தினாலே பொய்யாகக் குறைத்துக் காட்டும். விரலில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹார்மோன்தான் என்று தெரிந்தால், எழுதிய தாளோடு மருத்துவரிடமோ இனிப்புநீர் தாதியிடமோ பேசுங்கள். பால்போல் கலங்கிய இன்சுலினை மாலை 7 மணிக்குப் போட்டால் நள்ளிரவையொட்டி உச்சத்துக்குப் போய், விடியும்போது தேய்ந்துவிடும். அதைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளினாலே பலருக்குச் சரியாகிறது. பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் சாய்த்து, ஒரே சீராக வெளுத்த பிறகு போடுங்கள். அடியில் படிந்திருந்தால் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் அளவு உள்ளே போகும். நாள் முழுக்க வேலை செய்யும் தெளிந்த இன்சுலினில் விடியலை மட்டும் குறிவைக்க முடியாது: காலைக்காகக் கூட்டினால் 2 மணிக்கு விழும். இதற்கு இன்சுலினைத் தொடர்ந்து சிறுகச் செலுத்தும் பம்புதான் வசதி, விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்துக்கு மட்டும் 10 முதல் 20 விழுக்காடு ஏற்றலாம். எதை மாற்றினாலும் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

பசியாறுவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே வேக இன்சுலினைப் போடுவது நல்லது. பள்ளி 7.30-க்கு என்பதால் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மைலோவைக் குடித்துக்கொண்டே ஊசி போட்டால் இடைவேளை வரை சீனி இறங்காது. கோலாலம்பூர் வெயிலில் காருக்குள் கிடந்த பேனாவை நம்பாதீர்கள். திறந்த பேனா 30 பாகைக்குள் இருக்க வேண்டும்.

சீனி 14-க்கு மேல் நின்றுவிட்டால், இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனைப் பாருங்கள். இரத்தத்தில் அது 1.5 mmol/L-ஐத் தாண்டினாலோ, கூடவே வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வளர்த்தி நின்ற பிறகு இன்சுலின் தேவை குறையும். அப்போதும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் இரவில் சீனி விழும். அந்த வயதில் 3 மணிச் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.