பேரக்குழந்தைகளோடு ஒரு வேளை: சென்னையிலிருந்து சிற்றுலா செல்லத் திட்டமிடும் முறை

கோடை விடுமுறையோ அரையாண்டு விடுமுறையோ தொடங்கிப் பேரக்குழந்தைகள் வந்து இறங்கிய மூன்றாம் நாளே, "இவர்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்" என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிடும். அழைத்துச் செல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் அறுபதைத் தாண்டிய முழங்காலோடும், நினைத்த இடத்தில் தூங்கிவிடும் ஐந்து வயதுக் குழந்தையோடும் வெளியே கிளம்புவதற்கு ஒரு முறை வேண்டும். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒன்பது ஆண்டுகளாக இரண்டு பேரக்குழந்தைகளோடு சுற்றி வரும் ஒரு தாத்தாவாக, நான் கற்றுக்கொண்ட முறையை முதன்முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வேளைக்கு ஓர் இடம்

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் பயணம் கெடாது. என் முதல் பயணத்தில் காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், மதியம் கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம், மாலையில் மெரினா என்று மூன்று இடங்களை ஒரே நாளில் அடுக்கினேன். கோளரங்கத்தின் கூரையில் விண்மீன்கள் தோன்றியபோது பேரன் என் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான். கடற்கரையில் கால் வைத்ததும் களைப்பில் அழத் தொடங்கியவனைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு நடந்ததில் எனக்கு இரண்டு நாள் முழங்கால் வீங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து, காலை ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி, ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு மணிக்குள் வீடு திரும்பி, சாப்பிட்டுப் படுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மாலைப் பயணமானால் நான்கு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம்.

இரண்டாம் படி: வார விடுமுறையைப் பார்த்து நாளைக் குறித்தல்

சென்னையில் ஒவ்வோர் இடத்துக்கும் வார விடுமுறை வேறு வேறு நாளில் வருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதையொட்டிய பாம்புப் பண்ணை, முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா ஆகியவை செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணையும், பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். பண்டிகை நாள்களில் இந்த வழக்கம் மாறுவதுண்டு என்பதால் முதல் நாள் மாலையில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதைவிட இரண்டு நிமிட விசாரிப்பு எளிது.

மூன்றாம் படி: பருவத்துக்கு ஏற்ற இடம்

கத்திரி வெயில் நாள்களில், காலை பத்து மணிக்கு மேல் திறந்தவெளிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மே மாதத்துக்கு ஏற்றவை கூரைக்குக் கீழே உள்ள இடங்கள்தாம். 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே படங்கள் நிறைந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்து வாசித்துக் காட்டினால் ஒரு காலை முழுவதும் போவது தெரியாது. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரியவர்கள் வெண்கலச் சிலைகளை நோக்கித்தான் முதலில் நடப்பார்கள். குழந்தைகளோடு சென்றால் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடியெடுத்து எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அந்த எண் அவர்களுக்குப் பல மாதங்கள் மறக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், அந்த நாள்களில் முன்பணம் கட்டிப் பயணத்தை உறுதி செய்யாதீர்கள். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாள்கள் சென்னைக்காரர்களுக்குக் கிடைக்கும் பொற்காலம். வெளியிடப் பயணங்களை எல்லாம் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பையும் சாப்பாடும்

பெரிய பை வேண்டாம். தோளில் மாட்டும் ஒரு பை போதும். தண்ணீர், தொப்பி, மாற்றுடை ஒரு செட், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, நம்முடைய ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள், மரத்தடியில் விரித்து உட்காரப் பழைய பருத்தி வேட்டி ஒன்று ஆகியவற்றோடு பை நிறைந்துவிடும். சாப்பாட்டுக்கு இட்லியைப் போல் துணை வேறு இல்லை. சூடு ஆறிய இட்லியின் இரு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை மெல்லியதாகத் தடவி, வாழை இலையில் கட்டி எடுத்துச் சென்றால் மதியம் வரை மென்மையாக இருக்கும். தயிர்சாதம் கொண்டு போவதென்றால் சாதத்தைப் பாலில் குழைத்து ஒரு கரண்டித் தயிர் மட்டும் விடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குள் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது.

கூட்டமுள்ள இடத்துக்குச் செல்லும்போது குழந்தையின் முன்கையில் உள்பக்கமாகப் பேனாவால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். வழி தவறினால் சீருடையில் இருப்பவரிடம் கையைக் காட்ட வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பழக்குங்கள். 1098 என்பது குழந்தைகள் உதவி எண், 108 என்பது ஆம்புலன்ஸ் எண் என்பதை மூத்த குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதும் நல்லது.

ஐந்தாம் படி: போகும் வழியையும் பயணமாக்குதல்

வாடகைக் கார் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் குழந்தைக்கு மின்சார ரயிலே ஒரு காட்சிப் பொருள். மாம்பலத்தில் ஏறிப் பல்லாவரத்து மலையைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வண்டலூரில் இறங்கினால், உயிரியல் பூங்காவுக்குச் சிறிது தூரமே செல்ல வேண்டும். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் பாதிக் கட்டணம். மாநகரப் பேருந்தில் அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன்கள் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பாட்டிகளுக்கும் பேத்திகளுக்கும் 2021 முதல் கட்டணமே இல்லை. காலை எட்டு முதல் பத்து வரை அலுவலகக் கூட்டம் நெருக்கும் என்பதால் அதற்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

ஆறாம் படி: இடத்தைத் தேர்ந்து, அங்கே எதைப் பார்ப்பது என்று முடிவு செய்தல்

ஓர் இடத்தில் இருப்பதையெல்லாம் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1855-இல் நகருக்குள் தொடங்கப்பட்டு 1985-இல் வண்டலூருக்கு மாற்றப்பட்ட உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ளது. அதை நடந்தே முடிக்க நினைப்பது நமக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது. உள்ளே மின்கல வண்டி இருக்கிறது. அதில் ஒரு சுற்று வந்து, பிறகு குழந்தை கேட்கும் இரண்டு விலங்குகளிடம் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். உச்சி வெயிலில் பெரும்பாலான விலங்குகள் நிழலில் படுத்துவிடும் என்பதால் திறந்தவுடன் நுழைந்துவிடுவதே முறை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1976-இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணை. கரையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்ததும் "பொம்மையா தாத்தா?" என்றுதான் பேத்தி கேட்டாள். உடலின் சூட்டை வெளியேற்றுவதற்காக அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொன்னதும், வெயிலில் தானும் வாயைத் திறந்து வைத்துப் பார்த்தாள். அந்த வளாகத்திலேயே இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் அவர்கள் எடுக்கும் நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கப்படுகிறது. நஞ்செடுக்கும் செயல்விளக்கம் நடக்கும் நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உயிரைக் காக்கும் மருந்துக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்பதை நம் பேரப்பிள்ளைகள் நேரில் பார்ப்பது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன்.

மாமல்லபுரம் சென்றால் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பொய்த்தவம் செய்யும் பூனையைத் தேடச் சொல்லுங்கள். பெரிய யானையின் பக்கத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் புரிகிறது அந்தப் பூனை. அதன் காலடியில் எலிகள். முதலில் நீங்கள் சுட்டிக்காட்டாதீர்கள். என் பேரன் பத்து நிமிடம் தேடிக் கண்டுபிடித்தான். அந்தப் பத்து நிமிடத்தில் யானையின் வயிற்றடியில் நிற்கும் குட்டிகளையும் வேடர்களையும் மான்களையும் தானாகவே பார்த்து முடித்திருந்தான். அருகிலேயே குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்குரங்கும், அதற்குப் பேன் பார்க்கும் ஆண்குரங்கும் தனிக் கல்லில் இருக்கின்றன. தொல்லியல் துறையின் கட்டணப் பகுதிகளில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. வெண்ணெய் உருண்டைப் பாறையின் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். பாறை வழவழப்பானது என்பதால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள வேடந்தாங்கலுக்கு நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை செல்லலாம். ஏரியில் நீர் இருக்கிறதா என்று மட்டும் முன்னதாக விசாரியுங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உணர்ந்து, வெள்ளையர் காலத்திலேயே சுடுவதற்குத் தடை கேட்டு வாங்கியவர்கள் இந்த ஊர் மக்கள். இங்கே ஒரே ஒரு பறவையைச் சொல்லிக்கொடுங்கள்: நத்தைகுத்தி நாரை. அலகை மூடிய பிறகும் நடுவில் ஒரு சிறு இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிக்க வாகான அமைப்பு அது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். இரவல் வாங்கியாவது ஒரு இருநோக்கியை எடுத்துச் செல்லுங்கள்.

நகருக்குள்ளேயே மாலைப் பயணத்துக்கு மெரினா இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் குறுக்கே கடல் வரை 2022-இல் அமைக்கப்பட்ட மரப்பாதையில் சக்கர நாற்காலியையும் தள்ளிச் செல்லலாம். என் மனைவி இடுப்புவலிக்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து அலையின் அருகில் நின்றது அந்தப் பாதையால்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர்க் கடற்கரையில், வனத்துறைப் பொரிப்பகத்திலிருந்து ஆமைக்குஞ்சுகளை அந்தி நேரத்தில் கடலில் விடுவதைப் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் அவை. வெளிச்சத்தை நோக்கித் திசை மாறிவிடும் என்பதால் கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டு, கயிற்றுக்கு இப்பால் நிற்க வேண்டும்.

ஏழாம் படி: ஓர் இரவு தங்கும் பயணம்

மூன்று நான்கு அரைநாள் பயணங்கள் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். எங்களுக்கு ஏற்றதாக அமைந்தது ஏலகிரி. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ மலையேறலாம். சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் என்பதால் குளிர் தாங்கக்கூடியது. குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு மாலையும் ரயில்கள் நிரம்பிவிடும் என்பதால், திங்கள் கிளம்பிச் செவ்வாய் திரும்புவது நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்குச் சாத்தியம், செலவும் குறையும்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்டாமல் இருக்க, ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இட்லி மட்டும் கொடுத்து, குழந்தையைச் சாலை தெரியும்படி முன்பக்கம் உட்கார வையுங்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். அந்த வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களும் வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பலகை வரும்போதும் பெயரை வாசிக்கச் சொல்லி, அடுத்த வளைவு வருவதற்குள் அவருடைய கதையைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை ஏறும்போது சொன்னேன். மறுநாள் இறங்கும்போது, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் பலகை வந்ததும் பேத்தி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மயில் எங்கே இருக்கிறது என்று சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.