டாக்குமெண்டரி பார்க்கும்போது கேட்க மறக்கும் கேள்வி: கேமரா எங்கே நின்றது?

வெகு தூரத்தில் ஒரு பனிக்கரடி நடந்து போகிறது. அதன் பாதம் பனியில் அழுந்தும் சத்தம் மட்டும் நறநறவென்று நம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. இதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், ஒருமுறைகூட உறுத்தியிருக்காது. எனக்கும் பல வருஷம் உறுத்தவில்லை. படம் எடுத்தவர் சில நூறு மீட்டர் தள்ளி, நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறார். லென்ஸ் காட்சியைத்தான் கிட்டே இழுக்கும், சத்தத்தை இழுக்காது. அந்த நறநற, ஸ்டுடியோவில் யாரோ சோளமாவை ஒரு பையில் கட்டி மைக் முன்னால் பிசைந்த சத்தமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இது மோசடி என்று சொல்ல வரவில்லை. சத்தமே இல்லாமல் கரடி நடந்தால் நாமே சேனலை மாற்றிவிடுவோம். ஆனால் டாக்குமெண்டரி பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: இந்தக் காட்சியை எடுத்தபோது கேமரா எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

வேட்டைக் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். மான் தலையைத் தூக்குகிறது, சிறுத்தை பதுங்குகிறது, மானின் கண் குளோசப், சிறுத்தையின் கண் குளோசப், பிறகு ஓட்டம். ஒரே கேமராக்காரர் ஒரே நேரத்தில் இரண்டு கண்களுக்கும் முன்னால் இருக்க முடியாது. பல நாட்களில், சில சமயம் பல விலங்குகளை வைத்து எடுத்த துண்டுகள் எடிட்டிங் மேசையில் ஒரே கதையாக ஒட்டப்படுகின்றன. இதை ஒரே சம்பவமாக நினைத்துக்கொள்வதால் வரும் பெரிய கோளாறு என்னவென்றால், வேட்டை என்றாலே இரை சிக்கிவிடும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் புலிக்குப் பத்து இருபது முயற்சிக்கு ஒன்று பலித்தாலே பெரிய விஷயம். பலிக்காத நாட்கள் டிவிக்கு வருவது அபூர்வம், அவ்வளவுதான்.

பிறகு அந்தக் குட்டிகள். 2011இல் பிபிசியின் ‘ஃப்ரோஸன் பிளானட்’ தொடரில் பனிக்குகைக்குள் தாய்க்கரடியும் பிறந்த குட்டிகளும் இருக்கும் காட்சி வந்தது. அது நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் பெரிய சர்ச்சையானது. அந்தத் தகவல் தொடரின் இணையதளத்தில் முன்பே இருந்தது, நிகழ்ச்சிக்குள் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. என் கணக்கில் இதில் பாதித் தப்பு நம்முடையது. ஈன்ற கரடியின் குகைக்குள் கேமராவோடு ஓர் ஆள் போய் உட்கார முடியுமா? போனால் அந்த ஆளுக்கு ஆபத்து, அவர் தப்பித்தாலும் குட்டிகளுக்கு ஆபத்து. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நாமே கண்டுபிடித்திருப்போம்.

இதோடு ஒப்பிட்டால் 1958இல் வந்த டிஸ்னியின் ‘ஒயிட் வைல்டர்னஸ்’ செய்தது அசல் அயோக்கியத்தனம். லெம்மிங் என்ற சின்னக் கொறிவிலங்குகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் பலர் நம்புவதற்கு அந்தப் படம் ஒரு முக்கியக் காரணம். படமெடுத்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா, அங்கே கடலே கிடையாது. லெம்மிங்குகளை விலைக்கு வாங்கிவந்து, பனி பரப்பிய சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெரிய கூட்டம் மாதிரி காட்டி, கடைசியில் ஓர் ஆற்றங்கரை மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. விருது வாங்கிய படம் என்பதால் உள்ளே சொல்வதெல்லாம் சரிபார்க்கப்பட்டிருக்கும் என்று நினைப்பது தனியாக ஒரு தவறு, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வரலாற்று நிகழ்ச்சிகளில் நாம் இன்னும் சுலபமாக ஏமாறுகிறோம். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கீறல், கொஞ்சம் நடுக்கம், மனிதர்கள் குடுகுடுவென்று நடக்கிறார்கள் என்றால் போதும், அது நிஜம் என்று மனசு முத்திரை குத்திவிடுகிறது. (அந்தக் குடுகுடு நடைகூட நிஜமில்லை. கையால் சுற்றும் கேமராவில் நொடிக்குப் பதினாறு பிரேம் அளவில் எடுத்ததை இருபத்துநாலு பிரேமில் ஓட்டுவதால் வரும் வேகம் அது.) 1917இல் ரஷ்யப் புரட்சியின்போது குளிர்கால அரண்மனை கைப்பற்றப்பட்டது இரவில், அதைப் படமெடுத்தவர் யாருமில்லை. ஆயிரக்கணக்கானோர் வாசலை நோக்கிப் பாய்வதாக நாம் பார்ப்பது பத்து வருஷம் கழித்து, புரட்சியின் ஆண்டு விழாவுக்காக இயக்குநர் ஐசன்ஸ்டீன் எடுத்த ‘அக்டோபர்’ என்ற கதைப்படத்தின் காட்சி. முதல் உலகப் போர் என்றாலே வரும் இன்னொரு துண்டு, பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறும்போது ஒருவர் அப்படியே சரிந்து விழுவது. 1916இல் வந்த ‘சோம் போர்’ படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தின் பெரும்பகுதி உண்மையாகப் போர்க்களத்தில் எடுத்தது, ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடும் இந்தத் துண்டு மட்டும் போர்முனைக்குப் பின்னால் நடிக்கவைத்து எடுத்தது என்பது ஆய்வாளர்கள் முடிவு.

நிஜமான ஃபுட்டேஜை இடம் மாற்றிப் போடுவதும் உண்டு. அப்பல்லோ 11 பற்றிய நிகழ்ச்சிகளில், ராக்கெட்டின் அடிப்பகுதி கழன்று, ஒரு பெரிய வளையம் தீப்பிழம்பில் ஒளிர்ந்தபடி மெதுவாகக் கீழே விழுமே, அற்புதமான ஷாட், எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அது 1967, 1968இல் ஆளில்லாமல் பறந்த அப்பல்லோ 4, 6 பயணங்களில் எடுத்தது. ராக்கெட்டுக்குள் பொருத்திய கேமராக்கள் படச்சுருளோடு பிரிந்து விழுந்து, பிறகு கடலிலிருந்து மீட்கப்பட்டன. ஆம்ஸ்ட்ராங் உள்ளே இருந்த ராக்கெட் அது இல்லை. நிலவுக்குப் போனதே பொய் என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த மாதிரி அலட்சியமான எடிட்டிங்தான் தீனி போடுகிறது.

விண்வெளி என்றதும் நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹப்பிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற வாயு மேகப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஹப்பிள் எடுத்துத் தருவது கறுப்பு வெள்ளைதான், ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒன்று. அந்தப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் ஒதுக்கினார்கள். இதில் வேடிக்கை, அங்கே ஹைட்ரஜன் வெளியிடும் ஒளி நிஜத்தில் சிவப்பு. அதையே பச்சையாகக் காட்டியதால்தான் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்த நிறங்கள் தகவல், நேரில் போனால் அப்படித் தெரியும் என்று எடுத்துக்கொண்டால் தவறு. கிராபிக்ஸில் காட்டும் தூரமும் அப்படித்தான். பூமிக்கும் நிலவுக்கும் நடுவே முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம், ஆனால் டிவியில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். சினிமாவில் விண்கப்பல் பாறைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து தப்பிக்கும் சிறுகோள் பட்டையில் நிஜமாகப் போனால் ஒரு பாறையைப் பார்ப்பதே பெரும்பாடு.

அடுத்து, நிகழ்ச்சி எந்த வருஷம் எடுத்தது என்று பார்க்காமல் இருப்பது. மறுஒளிபரப்பு நடந்துகொண்டே இருப்பதால் பழையது எது, புதியது எது என்றே தெரிவதில்லை. 1999இல் வந்த ‘வாக்கிங் வித் டைனோசார்ஸ்’ தொடரில் லயோப்ளூரோடான் என்ற கடல் ஊர்வன 25 மீட்டர் நீளம், 150 டன் எடை என்று மிரட்டும். கிடைத்திருக்கும் எலும்புகளை வைத்துப் பார்த்தால் அது ஏழு மீட்டருக்குப் பக்கம்தான். ஓநாய்க் கூட்டத்தில் சண்டைபோட்டு ஜெயித்த ‘ஆல்ஃபா’ ஆட்சி செய்யும் என்ற கதையும் அப்படியே. அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து வந்த முடிவு அது. அந்தக் கருத்தைத் தன் புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் பல வருஷம் கவனித்துவிட்டு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். டைட்டானிக் முழுசாக மூழ்குவது போல் காட்டும் படம் பெரும்பாலும் 1985க்கு முந்தையதாக இருக்கும். அந்த வருஷம்தான் கடலடியில் அது இரண்டாக உடைந்து கிடப்பதைக் கண்டார்கள். உடைந்தது என்று உயிர்தப்பியவர்களில் பலர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

பின்னணிக் குரலுக்கு மயங்குவது இன்னொரு வியாதி. குறிப்பாகக் கேள்வி வடிவத்தில் வரும் வர்ணனை. ‘இதை மனிதர்கள்தான் கட்டினார்களா?’ என்று ஒரு கனத்த குரல் கேட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போகும். கேள்வி கேட்டவர் எதையும் சொல்லவில்லை, அதனால் அவரைப் பொய்யர் என்றும் பிடிக்க முடியாது. கிசா பிரமிடைக் கட்டக் கல் கொண்டுவந்த ஒரு குழுவின் தலைவர் மேரெர் எழுதிய நாட்குறிப்பே இருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பப்பைரஸ் சுருள்களாகக் கிடைத்தது. துராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், கிசாவில் இறக்கினோம் என்று சுமார் 4500 வருஷத்துக்கு முந்தைய வேலைக்கணக்கு. அதைக் காட்டாமல் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நிகழ்ச்சியை நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

கடைசி சில நொடிகளில் ஓடும் பொடி எழுத்துக்களைப் படிக்காமல் எழுந்து போவதும் கூடாது. 2013இல் டிஸ்கவரி சேனல், மெகலோடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு நிகழ்ச்சி போட்டது. அந்தச் சுறா அழிந்து இருபது லட்சம் வருஷத்துக்கு மேலாகிறது. அதில் விஞ்ஞானியாக வந்தவர் நடிகர், அதைச் சூசகமாகச் சொல்லும் வாசகம் முடிவில் கண்சிமிட்டும் நேரம் வந்து போனது. அதற்கு முந்தைய வருஷம் அனிமல் பிளானட்டில் கடற்கன்னி பற்றி வந்த இதே பாணி நிகழ்ச்சிக்குப் பிறகு, அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, கடற்கன்னி இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று அதிகாரபூர்வமாக எழுதிப் போட வேண்டிய நிலை வந்தது. பாவம் அதை எழுத உட்கார்ந்த அதிகாரி.

டப்பிங்கில் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: எண்களை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாறி ஒலிப்பதை நானே பலமுறை கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, இவ்வளவும் தெரிந்தபிறகு வரும் தவறு ஒன்று உண்டு, அது முந்தைய எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலானது: எல்லாமே செட்டப் என்று முடிவுகட்டிவிடுவது. கேமராக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங்கைப் பாருங்கள். தென்துருவத்துக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழுவோடு அண்டார்டிகா போனவர் அவர். ஸ்காட்டும் தோழர்களும் சறுக்குவண்டி இழுப்பது, கூடாரத்துக்குள் சமைப்பது, தூக்கப்பைக்குள் நுழைவது எல்லாம் அவர் படத்தில் உண்டு. துருவத்துக்கு அவர் போகவில்லை. துருவப் பயணம் கிளம்புவதற்கு முன்னால், முகாமுக்குப் பக்கத்தில் செய்துகாட்டச் சொல்லி எடுத்தவை அவை. ஆனால் செய்துகாட்டியவர்கள் நடிகர்கள் இல்லை, அதேபோன்ற கூடாரத்தோடு போய்த் திரும்பி வராமலே இறந்தவர்கள். அந்தக் காட்சியை நடிப்பு என்று தள்ளினாலும் தப்பு, துருவப் பயணத்தில் எடுத்தது என்று நம்பினாலும் தப்பு.

துருவத்திலேயே எடுத்த புகைப்படம் வேறு. போட்டிக் குழுவின் தலைவரான நார்வேக்காரர் அமுண்ட்சென் ஒரு மாதத்துக்கு முன்பே வந்துபோய்விட்டார் என்று தெரிந்தபிறகு, 1912 ஜனவரியில் ஐந்து பேரும் சோர்ந்த முகத்தோடு ஒன்றாக நிற்கும் படம். ஸ்காட் பற்றிய எந்த டாக்குமெண்டரியிலும் அது வரும். ஐந்து பேரும் படத்தில் இருக்கிறார்களே, எடுத்தது யார்? அடுத்தமுறை அந்த இடத்தில் நிறுத்தி, கீழே உட்கார்ந்திருக்கும், ஐவரில் ஒருவரான பவர்ஸின் கையைப் பாருங்கள். கேமராவை நோக்கி ஒரு நூல் போகும், அதை அவர் இழுத்துக்கொண்டிருப்பார்.